சுக்குட்டிக் கீரை விஷமா? ஒரு மாணவனின் கேள்விக்குத் தாமதமான பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்துகிறவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள். அது உடம்பு சம்பந்தப்பட்டது.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. "மணத்தக்காளி புற்றுநோயைக் குணமாக்கும், உலக விஞ்ஞானிகள் ஒப்புதல்" என்று தலைப்பு. கீழே ஒரு படம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று வட்டங்கள், அவற்றை இணைக்கும் நூற்றுக்கணக்கான கோடுகள். பார்த்தால் ஏதோ விண்மீன் கூட்டம் மாதிரி இருந்தது. அன்று இரவே உறவில் ஒருவர் கூப்பிட்டார். அவர் வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. "மாமா, நீங்க தாவரவியல் வாத்தியார்தானே? ஊசி போடறதை நிறுத்திட்டு இந்தக் கீரையையே சாப்பிடலாமான்னு கேக்கறாங்க. உலகமே ஒத்துக்கிட்டதா போட்டிருக்கே" என்றார்.

"ஒரு நாள்கூடச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது" என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் என்று விளக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் படம் என்ன சொல்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லிப் பழகிய தொழில் நம்முடையது. இந்த வயதில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது பழைய கடன்.

1988 என்று நினைவு. கோபி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ வகுப்பு. சொலனேசி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, ஊமத்தை எல்லாம் அதில் வரும். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, "சொலானம் நைக்ரம், நச்சுச்செடி" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "சார், அது சுக்குட்டிக் கீரைதானுங்களே? எங்கூட்டுல வாரத்துல மூணு நாள் அதானுங்க சோத்துக்கு. எங்கம்மா காட்டுக்குப் போயிட்டு வரும்போது பறிச்சுட்டு வருவாங்க. அது விஷமுங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. நானே முந்தின நாள் மணத்தக்காளி வற்றல் குழம்பு சாப்பிட்டவன்தான். ஆனால் வாத்தியார் "தெரியவில்லை" என்று சொல்லலாமா? "பரீட்சைக்குப் புத்தகத்தில் இருப்பதை எழுது, மார்க் வரும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் உட்கார்ந்தான். பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கும் என் பழைய மாணவியிடம் அதை அனுப்பிக் கேட்டேன். அரைமணி நேரம் பொறுமையாகப் பாடம் நடத்தினாள். வேடங்கள் மாறிப் போனதில் இருவருக்கும் சிரிப்பு.

ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணி, வகைப்படுத்தி, எந்தத் துறை வளர்கிறது, எது தேய்கிறது, எந்த நாட்டவர் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு தனி அறிவியல். 1917-லேயே பிரிட்டனில் கோல், ஈல்ஸ் என்ற இருவர் ஒப்பீட்டு உடற்கூறியல் நூல்களை 1550 முதல் 1860 வரை எண்ணிக் கோட்டுப்படம் வரைந்திருக்கிறார்கள். இதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலக வேலைக்குக் கணிதத்தைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைக்கலாம் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் சொன்னார். இன்று எல்லோரும் சொல்லும் 'பிப்லியோமெட்ரிக்ஸ்' என்ற சொல்லை ஆலன் பிரிச்சர்ட் 1969-இல்தான் முன்வைத்தார். நம் கணக்கு வாத்தியார் இருபத்தோரு வருடம் முந்திக்கொண்டார்.

இடையில், 1964-இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியது என்ற பெரிய பேரேடு அது. 2004-இல் ஸ்கோபஸ் என்ற இன்னொரு பேரேடு வந்தது. 2010-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார்கள். வாட்ஸாப்பில் வந்த படம் அந்த வகையைச் சேர்ந்தது.

அதைப் படிக்கும் முறை எளிது. ஒரு செடியின் பெயரைப் பேரேட்டில் தேடுகிறோம். வந்து விழும் கட்டுரைகளில் என்னென்ன குறிச்சொற்கள் இருக்கின்றன என்று கணினி எண்ணுகிறது. அதிகம் வரும் சொல்லுக்குப் பெரிய வட்டம். ஒரே கட்டுரையில் சேர்ந்து வரும் இரண்டு சொற்களுக்கு இடையே கோடு. அடிக்கடி ஒன்றாக வரும் சொற்களுக்கு ஒரே நிறம். அவ்வளவுதான்.

அப்படியானால் பெரிய வட்டம் எதைக் காட்டுகிறது? அந்தச் சொல்லை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை. அவர்கள் "குணமாகும்" என்று எழுதினார்களா, "குணமாகாது" என்று எழுதினார்களா, எலியில் பார்த்தார்களா, மனிதரில் பார்த்தார்களா என்பது வட்டத்துக்குத் தெரியாது. மறுத்து எழுதிய கட்டுரையும் வட்டத்தைப் பெரிதாக்கும். சந்தையில் எந்தக் கடையில் கூட்டம் அதிகம் என்று மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போல. கூட்டம் வாங்குகிறதா, சண்டை போடுகிறதா என்று மேலிருந்து தெரியாது.

மாணவி சொன்ன இன்னொரு விஷயம் என்னை உட்கார வைத்தது. "சார், வட்டத்தை விட நிறத்தைப் பாருங்க. ஒவ்வொரு நிறமும் ஒரு ஊரு மாதிரி. ஒரு ஊர்க்காரங்க இன்னொரு ஊர்க்காரங்க எழுதினதைப் படிக்கறதே இல்லை." அன்று ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே பென்சிலால் ஒரு படம் போட்டேன். ஒரே செடியைப் பார்த்து உலகம் எத்தனை வேறு வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறது என்று பாருங்கள்.

முதல் ஊர் ஐரோப்பா. அங்கே கேட்ட கேள்வி: "இது ஆளைக் கொல்லுமா?"

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இந்த இனச் செடிகளைப் பற்றி எழுதும்போது, தோட்டத்தில் வளரும் ஒருவகை உண்ணத் தக்கது என்றே குறித்திருக்கிறார். ஆனால் ஐரோப்பாவில் பெல்லடோனா என்ற கொடிய நச்சுச்செடியும் உண்டு. அதுவும் இதே குடும்பம், அதற்கும் கறுப்புப் பழம். பெல்லடோனாவின் பழம் பெரிது, தனித்தனியாக நிற்கும். நம் மணத்தக்காளியின் பழம் மிளகு போலச் சிறியது, கொத்தாகத் தொங்கும். ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் ஒரே சொல்லில் முடிவதால் ஒன்றின் பழி மற்றதன் மேலும் விழுந்தது.

பழி முழுக்கப் பொய்யும் இல்லை. 1820-இல் பிரான்ஸில் டெஃபோஸ் என்ற மருந்தாளுநர் மணத்தக்காளி இனப் பழங்களிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் சொலானின். பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கைச் சாப்பிடாதே என்று அம்மா சொல்வாளே, அதற்குக் காரணமான அதே நஞ்சுதான். உருளைக்கிழங்கில் அது இருப்பது பிறகுதான் தெரிந்தது. உலகம் அதை முதலில் சந்தித்தது நம் கீரையின் உறவுக்காரச் செடியில். காய் பச்சையாக இருக்கும்போது இந்த வகை நஞ்சு அதிகம், பழுக்கும்போது குறையும். வெறும் கொதியில் இது பெரிதாக அழியாது.

இரண்டாவது ஊர் அமெரிக்கா. அங்கே கேட்ட கேள்வி: "இதை விற்கலாமா?"

லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற பயிர்க்கலப்பு வல்லுநர் கலிஃபோர்னியாவில் இருந்தார். இரண்டு காட்டுச் செடிகளைக் கலந்து தித்திப்பான புதுப் பழம் ஒன்றை உருவாக்கிவிட்டதாக அறிவித்தார். அவர் வைத்த பெயர் சன்பெரி. 1909-இல் நியூயார்க் பக்கத்து விதை வியாபாரி ஒருவர் அதையே வொண்டர்பெரி என்று விளம்பரப்படுத்தி விற்றார். வாங்கி விதைத்தவர்கள், "இது வேலியோரக் களைதானே!" என்று கொதித்தார்கள். ஒரு விவசாயப் பத்திரிகை விடாமல் எழுதியது. அது வெறும் களைதான் என்று நிரூபிப்பவருக்கு 10,000 டாலர் தருவதாக பர்பாங்க் சவால் விட்டார். பல பத்தாண்டுகள் கழித்து சார்லஸ் ஹெய்சர் என்ற தாவரவியலாளர் இந்த வழக்கைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றி 1969-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே 'முரண்பாடான செடிகள்' என்று வரும். அந்த வொண்டர்பெரி ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வகை என்பது இன்றைய முடிவு. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பழத்தில் ஜாம் செய்து சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவது ஊர் பெரிய பண்ணைகளின் ஊர். கேள்வி: "இதை எப்படி ஒழிப்பது?"

பட்டாணி, சோயா வயல்களில் இது தலைவலி. பழம் பட்டாணி அளவே இருப்பதால் அறுவடை இயந்திரத்தில் சேர்ந்து வந்துவிடும். களைக்கொல்லி அடித்தார்கள். செடி தப்பப் பழகிக்கொண்டது. அட்ரசின் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத மணத்தக்காளி இனச் செடிகளை எடுத்து, மரபணுவைப் படித்து, 1984-இல் ஒரு கட்டுரை வந்தது. சாகும் செடிக்கும் சாகாத செடிக்கும் அந்த மரபணுவில் ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். ஒரு புத்தகத்தில் ஒரு சொல் மாறியதால் கதையே மாறியது போல. பரிணாமம் நம் கண்முன்னால் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் 1988-இல் அது எனக்குத் தெரியாது.

நான்காவது ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. கேள்வி: "எங்கள் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு சத்து?"

கென்யாவில் இந்த இனக் கீரைக்கு மனகு என்று பெயர். கிராமத்துத் தாய்மார்கள் எப்போதும் சமைத்ததுதான். ஆனால் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து முட்டைக்கோசும் கேல் கீரையும்தான் காய்கறி என்றும், இவை ஏழைகளின் உணவு, களை என்றும் ஓர் எண்ணம் ஊறிவிட்டது. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ. ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பேராசிரியர். சின்ன வயதில் பாலும் முட்டையும் மீனும் ஒவ்வாமல் போனதால், இந்தக் கீரைகளைச் சாப்பிட்டே வளர்ந்தவர். 1990-களிலிருந்து விதை சேகரிப்பது, சத்தை அளப்பது, எப்படிப் பயிரிடுவது, எப்படிச் சமைப்பது என்று வேலை செய்தார். இன்று நைரோபி நகரத்துப் பெரிய கடைகளிலும் உணவு விடுதிகளிலும் மனகு கிடைக்கிறது.

இவரைப் பற்றிப் படித்தபோது என் கடைசி பெஞ்சுப் பையன் நினைவுக்கு வந்தான். "எங்கம்மா சமைக்கிறாங்களே" என்ற அதே இடத்திலிருந்துதான் இந்த அம்மையாரும் தொடங்கினார். அவர் அதை ஆராய்ச்சியாக்கினார். எங்கள் வகுப்பில் நான் அதை உட்கார வைத்தேன்.

ஐந்தாவது ஊர் சீனாவும் தைவானும். கேள்வி: "இதிலிருந்து மருந்து எடுக்கலாமா?"

சீன மருத்துவத்தில் இதன் பெயர் லாங்குயி. தைவானில் இதைக் கீரையாகவும் கஞ்சியில் போட்டும் சாப்பிடுகிறார்கள். அங்கே ஆய்வுக்கூடங்களில் புற்றுநோய்ச் செல்களின் மேல் இதன் சாற்றையும், இதிலுள்ள சொலானின், சொலமார்ஜின் போன்ற பொருள்களையும் விட்டுப் பார்த்தார்கள். செல்கள் செத்தன. கட்டுரைகள் வந்தன. வாட்ஸாப் செய்தி வந்தது இங்கிருந்துதான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது கடினமான வேலையே அல்ல. உப்புக் கரைசல் கொல்லும், சோப்புத் தண்ணீர் கொல்லும். கெட்ட செல்லைக் கொன்று நல்ல செல்லை விட்டுவைக்க வேண்டும். வயிற்றைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, சரியான இடத்துக்குச் சரியான அளவில் போய்ச் சேர வேண்டும். அதுதான் மருந்து. 1820-இல் நஞ்சு என்று பெயர் வாங்கிய அதே வகைப் பொருள்கள்தான் இங்கே நம்பிக்கை என்று பெயர் வாங்குகின்றன. அளவுதான் வித்தியாசம். ஆய்வுக்கூடத்தில் செல்லின் மேல் விட்ட செறிவைக் கீரை தின்று உடம்பில் ஏற்ற முயன்றால் முதலில் வருவது வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். இந்த ஆராய்ச்சிகள் வீண் என்று சொல்லவில்லை. அவை முதல் படி. முதல் படியில் நின்றுகொண்டு மாடிக்கு வந்துவிட்டோம் என்று செய்தி அனுப்பக் கூடாது.

நம் நாட்டவர் கேட்டது வேறு கேள்வி. வாய்ப்புண், வயிற்றுப்புண்ணுக்கு மணத்தக்காளி என்று நம் வீடுகளில் சொல்வதை எடுத்துக்கொண்டு, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2006-இல் எலிகளில் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். வயிற்று அமிலச் சுரப்பு குறைந்தது, புண் ஆறியது என்று கண்டார்கள். பாட்டி சொன்னதில் பொருள் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. அதுவும் எலிகளில்தான்.

ஆறாவது ஊர் யாரும் எதிர்பார்க்காதது. கேள்வி: "இது மண்ணைச் சுத்தம் செய்யுமா?"

2005-இல் சீனாவின் ஷென்யாங் நகர ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த மண்ணில் மணத்தக்காளி இனச் செடி வாடாமல் வளர்கிறது, அந்த உலோகத்தை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்றார்கள். உலர்ந்த இலை ஒரு கிலோவில் 100 மில்லிகிராமுக்கு மேல் காட்மியத்தைச் சேர்க்கும் செடியை மிகை உறிஞ்சி என்பார்கள். இது அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்ய இதைப் பயிரிடலாமா என்று கட்டுரை மேல் கட்டுரை. அந்த ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி. கீரை தின்கிற நமக்கு இது எச்சரிக்கை. ஒரே தகவல். மண் ஆராய்ச்சிக்காரர் எழுதியதை மருந்து ஆராய்ச்சிக்காரர் படிக்காவிட்டால், அவர் எழுதியதை நாம் படிக்காவிட்டால், இழப்பு நம் தட்டில் வந்து விழும். நிறங்கள் ஒன்றோடொன்று பேசாததன் ஆபத்து இதுதான்.

ஏழாவது ஊர் இங்கிலாந்தின் நாரிச். கேள்வி: "இது உருளைக்கிழங்கைக் காப்பாற்றுமா?"

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்து, அடுத்த சில வருடங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். அந்த நோய் இன்றும் ஓயவில்லை. நாரிச்சில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகத்தினர், மணத்தக்காளியின் நெருங்கிய உறவான சொலானம் அமெரிக்கானம் என்ற செடியில் அந்த நோயை எதிர்க்கும் மரபணுவைக் கண்டுபிடித்து 2016-இல் வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கில் அதைச் சேர்த்தபோது அதுவும் நோயை எதிர்த்தது. வேலியோரத்துக் களை என்று பிடுங்கி எறிந்ததன் உடம்புக்குள் ஒரு நாட்டின் பஞ்சத்துக்கு மாற்று இருந்திருக்கிறது.

இத்தனை ஊர்களையும் போட்டு முடித்தபோது ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. இவர்கள் எல்லோரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறார்களா?

1753-இல் லின்னேயஸ் சொலானம் நைக்ரம் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகளை அடக்கினார். 1768-இல் பிலிப் மில்லர் என்ற தோட்டக்காரர் அவற்றில் சிலவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தார். இருபதாம் நூற்றாண்டில் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கியபோது குட்டு வெளிப்பட்டது. சொலானம் அமெரிக்கானத்துக்கு 24, செம்மஞ்சள் பழம் பழுக்கும் வில்லோசத்துக்கு 48, உண்மையான நைக்ரத்துக்கு 72. மூன்றும் இந்தியாவில் இருக்கின்றன. மூன்றையும் நாம் மணத்தக்காளி என்கிறோம். பல கட்டுரைகளும் மூன்றையும் நைக்ரம் என்றே எழுதிவிடுகின்றன. 1997-இல் எட்மண்ட்ஸ், ச்வேயா இருவரும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கையேடே எழுதினார்கள். 2018-இல் பழைய உலகத்துச் செடிகள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து ஒரு பெரிய நூலளவுக் கட்டுரை வந்தது. இருந்தும் பழைய பெயர் பழைய கட்டுரைகளில் அப்படியே நிற்கிறது.

கணினி பெயரைத்தான் தேடும், செடியைத் தேடாது. ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ஒருவன் மார்க்கை இன்னொருவன் பெயரில் போட்டுவிட்டு, சராசரி எடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இன்னொன்று. பேரேட்டில் ஏறிய இதழ்கள்தான் வரைபடத்தில் வரும். அதில் பெரும்பங்கு ஆங்கிலம். நம் சித்த மருத்துவச் சுவடிகள் அதில் இல்லை. "சுக்குட்டி" என்று தேடினால் ஒன்றும் வராது. காட்டிலிருந்து திரும்பும்போது எந்தச் செடியைப் பறிக்கலாம், எதை விடலாம் என்று தெரிந்த ஒரு தாயின் அறிவுக்கு அந்தப் படத்தில் வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

அதனால் அந்தப் படம் பொய் என்று சொல்லவில்லை. அது கேள்விகளின் வரைபடம். யார் எதைக் கேட்டார்கள் என்று காட்டும். பயந்தவன் நஞ்சைக் கேட்டான், வியாபாரி விலையைக் கேட்டான், பசித்தவன் சத்தைக் கேட்டான். நாம் என்ன கேட்கப் போகிறோம்?

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பழுக்காத காயில்தான் நஞ்சு அதிகம் என்கிறது அறிவியல். நாமோ பழுக்காத காயைத்தான் பறித்து, கீறி, உப்புப் போட்ட மோரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி மோரில் போட்டு, மறுபடி காய வைத்து வற்றலாக்குகிறோம். பிறகு எண்ணெயில் பொரித்து, ஆளுக்கு ஒரு கரண்டி. இந்த முறையில் மோர் என்ன செய்கிறது, உப்பு என்ன செய்கிறது, வெயில் என்ன செய்கிறது? நம் பக்கத்துச் செடி மூன்றில் எது? ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். இந்தக் கேள்வி ஷென்யாங்கிலும் நாரிச்சிலும் பிறக்காது. நம் மொட்டைமாடியில், பழைய சேலை விரித்துக் காயும் வற்றலுக்குப் பக்கத்தில்தான் பிறக்கும்.

இனி உடம்பு சம்பந்தப்பட்டது. நன்கு தெரிந்தவர் காட்டிய செடியில் மட்டும் பறியுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தைச் சாப்பிடலாம், பச்சைக் காயைக் குழந்தைகள் அப்படியே மெல்ல விடாதீர்கள். சாக்கடையோரம், ஆலைக் கழிவு பாயும் ஓடையோரம், குப்பை கொட்டிய இடம், இங்கெல்லாம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பறிக்காதீர்கள். தொட்டியில் நல்ல மண் போட்டு விதை தூவினால் தானே வரும். கீரையை உணவாகச் சாப்பிடுங்கள். பொடி, சாறு, மாத்திரை என்று மருந்தாகச் சாப்பிடுவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்தக் கீரைக்காகவும் நடக்கிற சிகிச்சையை நிறுத்தாதீர்கள். என்னைக் கூப்பிட்ட உறவினருக்கும் இதையே சொன்னேன். ஊசி தொடர்கிறது. டாக்டரிடம் கேட்டு, வாரம் ஒருநாள் கீரைப் பொரியலும் தொடர்கிறது.

கடைசியாக, கடைசி பெஞ்சிலிருந்த அந்தத் தம்பிக்கு.

நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியிருப்பாய். யாராவது வகுப்புத் தோழன் இதை உனக்கு அனுப்பினால் சரி. நீ கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லையப்பா. உலகத்தின் ஏழு மூலைகளில் படித்தவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. புத்தகம் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. உன் அம்மா செய்ததில் மீதி உண்மை இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். "எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்" என்ற ஒரு வரியை அன்று சொல்லத் தவறினேன். அதற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் அம்மா இருந்தால் என் வணக்கத்தைச் சொல்.

உங்கள் ஊரில் இந்தக் கீரைக்கு என்ன பெயர், வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். பேரேட்டில் ஏறாததை நாமாவது எழுதி வைப்போம்.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் வாத்தியார்